தாள் நிமிர்ந்த வரலாறு

மெல்லிய தாளொன்றை ஓர் ஓரத்தில் பிடித்தால் அது துவண்டு வளையும். அதனையே விசிறிபோல் மடித்துவிட்டால் நிமிர்ந்து நிற்கும்; சிறு பாரத்தையும் தாங்கும். நீள அகலம் மட்டுமே உடையதாகத் தோன்றிய தாள், உயரமும் பெறுவதைத் தன் கைகளாலேயே காணும் குழந்தை, வடிவியலின் முதற்பாடத்தைச் சொல்லின்றியே கற்றுவிடுகிறது. இந்த எளிய கைவேலை பள்ளிக்குள் புகுந்த வரலாறோ எளியதன்று.

ஜெர்மானியக் கல்வியாளர் பிரெடரிக் புரோபெல், 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுவர்க்கென ஒரு நிலையம் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'குழந்தைத் தோட்டம்' எனப் பொருள்படும் 'கிண்டர்கார்டன்' என்ற பெயரைச் சூட்டினார். மரக்கட்டைகளை அடுக்குவதும், தாளை மடிப்பதும், வெட்டுவதும், பின்னுவதும் அங்கே பாடங்களாயின. விளையாட்டு வீண்பொழுதன்று, அதுவே கல்வி என்பது அவர் கொள்கை.

1851இல் பிரஷ்ய அரசு இப்பள்ளிகளைத் தடை செய்தது. இவை நாத்திகத்தையும் பொதுவுடைமையையும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. அவருடைய உடன்பிறந்தார் மகன் கார்லின் கருத்துகளை அவருடையனவாகக் கொண்ட குழப்பமும் இதற்குக் காரணமாயிற்று. மறு ஆண்டே புரோபெல் மறைந்தார். தடை நீங்கியது 1860இல்தான்.

ஆயினும் அவர் விதைத்தது பிற நாடுகளில் முளைத்தது. சென்னையில் சுந்தர ராவ், கிண்டர்கார்டன் தாள் மடிப்பிலிருந்து கருத்தைப் பெற்று, வடிவியலைத் தாள் மடித்தே விளக்கும் ஆங்கில நூலை 1893இல் வெளியிட்டார். அது 1901இல் சிக்காகோவிலும் பதிப்பிக்கப்பெற்றது.

தொடக்கப்பள்ளி ஆசிரியராயிருந்த ஜோசப் ஆல்பர்ஸ், 1923 முதல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் கற்பித்தார். மாணவர் கையில் தாளைக் கொடுத்து, துண்டு துணுக்கு வீணாகாமல் அதனை முப்பரிமாண வடிவாக நிமிர்த்தச் செய்தார். மாதிரி எதனையும் முன்வைக்கவில்லை. நாஜிகளின் நெருக்குதலால் 1933இல் அப்பள்ளி மூடப்பட்டது. ஆல்பர்ஸ் அமெரிக்கா சென்று அங்கே கற்பித்தலைத் தொடர்ந்தார்.

அரசுகளின் தடையைக் கடந்த இக்கலைக்கு வகுப்பறைக்குள்ளேயே வேறொரு தடை எழுந்ததுண்டு. புரோபெலைப் பின்பற்றியோர் பலர், ஆசிரியர் காட்டிய மடிப்பை அப்படியே செய்வதே பாடம் என்றாக்கினர். இதனை ஜான் டூயி போன்ற அறிஞர்கள் 1900ஆம் ஆண்டையொட்டிக் கண்டித்தனர். குழந்தை செய்த பறவையின் சிறகு கோணலாயிருக்கலாம். அதனை ஆசிரியர் திருத்தி மடித்துக் கொடுத்தால் பறவை அழகாகும். கற்க வேண்டிய பாடமோ ஆசிரியர் கையிலேயே தங்கிவிடும்.