ஆணி அடித்த பூட்ஸ் முதல் ஓட்டக் காலணி வரை

2024 செப்டம்பரில் எவரெஸ்டின் வடக்குப் பக்கத்து ரோங்புக் பனியாற்றில் ஒரு பழைய தோல் பூட்ஸ் கிடைத்தது. உள்ளே ஒரு மனிதப் பாதம் இருந்தது. காலுறையில் 'ஏ.சி. அர்வின்' என்று பெயர் தைத்த துணித் துண்டு. 1924 ஜூன் 8-ம் தேதி ஜார்ஜ் மாலரியோடு உச்சியை நோக்கிப் போய்க் காணாமல் போன ஆண்ட்ரூ அர்வின்தான் அவர். நூறு வருடம் பனிக்குள் கிடந்தும் அந்த பூட்ஸின் அடியில் இரும்பு ஆணிகள் அப்படியே இருந்தன. 1999-ல் மாலரியின் உடல் கிடைத்தபோதும் அவர் காலில் இதே போன்ற ஆணி பூட்ஸ்தான்!

அந்தக் காலத்தில் மலைக்குப் போகிறவர்களுக்கு வேறு வழி கிடையாது. வெறும் தோல் அடிப்பாகம் ஈரப் புல்லிலும் பனியிலும் வழுக்கும். அதனால் மாட்டுக்கு லாடம் அடிப்பது போல பூட்ஸுக்கு ஆணி அடித்தார்கள். புல்லிலும் பனிக்கட்டியிலும் ஆணி நன்றாகவே பிடித்தது. ஆனால் வழவழப்பான பாறையில் வழுக்கியது. எடையும் அதிகம். இரும்பு குளிரை நேராகப் பாதத்துக்குக் கடத்தியது வேறு தொல்லை. எனவே ஆல்ப்ஸ் மலையேறிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். பாறையின் அடிவாரம் வரை ஆணி பூட்ஸில் நடப்பார்கள், அங்கே அதைக் கழற்றி வைத்துவிட்டு மெல்லிய அடிப்பாகம் கொண்ட லேசான காலணியைப் போட்டுக்கொண்டு ஏறுவார்கள், இறங்கி வந்து மறுபடி பூட்ஸை மாட்டிக்கொள்வார்கள்.

வானிலை நன்றாக இருக்கும் வரை இதில் ஒரு பிரச்சினையும் இல்லை. 1935 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரத்து மலையேறிகள் குழு ஒன்று புந்தா ராசிகா என்ற சிகரத்துக்குப் போனது. வழக்கம் போல கனமான பூட்ஸ் கீழேயே இருந்தது. இறங்கும் நேரத்தில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. பாறையெல்லாம் பனி மூடிவிட்டது. காலில் இருந்த மெல்லிய காலணியோ பனியில் நிற்கவும் உதவவில்லை, குளிரைத் தடுக்கவும் உதவவில்லை. ஆறு பேர் உயிரிழந்தார்கள். அந்தக் குழுவில் இருந்து தப்பியவர்களில் ஒருவர் வித்தாலே பிரமானி என்ற மலை வழிகாட்டி.

பாறையிலும் பனியிலும் ஒரே காலணி வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணம் பிரமானியை விடவில்லை. கெட்டிப்படுத்திய ரப்பரில் ஆழமான கட்டைகள் வைத்து ஒரு அடிப்பாகத்தை உருவாக்கினார். பணம் கொடுத்து உதவியது பிரெல்லி டயர் கம்பெனி. 1937-ல் வந்த அந்த அடிப்பாகத்துக்கு 'கர்ரார்மாத்தோ' என்று பெயர், அதாவது பீரங்கி வண்டி! கம்பெனிக்கு அவர் பெயரின் முதல் எழுத்துகளையும் குடும்பப் பெயரின் தொடக்கத்தையும் சேர்த்து 'விப்ரம்' என்று பெயர் வந்தது. 1954-ல் கே-2 சிகரத்தில் முதலில் கால் வைத்த இரு இத்தாலியர்களின் பூட்ஸிலும் இந்த ரப்பர்தான். அதற்குப் பிறகு ஆணிகள் மெல்ல மெல்லக் காணாமல் போயின.

அடிப்பாகம் மாறியதே தவிர பூட்ஸின் எடை குறையவில்லை. கணுக்காலை மூடிய தடித்த தோல், கெட்டியான அடி, ஒரு ஜோடி இரண்டு கிலோவை நெருங்கும். மலை என்றால் பூட்ஸ், பூட்ஸ் என்றால் கனம் என்பது எழுதாத சட்டமாக இருந்தது.

எடையைக் குறைக்கும் யோசனை வேட்டைக்காரர்களிடம் முன்பே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லியோன் லியோன்வுட் பீன் என்பவர் மான் வேட்டைக்குப் போய் ஒவ்வொரு முறையும் நனைந்த காலோடு திரும்பி வந்து அலுத்துப்போனார். முழுத்தோல் பூட்ஸ் நனைந்தால் கனம் இன்னும் ஏறும். முழு ரப்பர் பூட்ஸில் நடக்கவே முடியாது. எனவே கீழே ரப்பர், மேலே லேசான தோல் என்று இரண்டையும் சேர்த்துத் தைத்தார். 1912-ல் வேட்டை உரிமம் வாங்கிய வெளிமாநிலத்தவரின் முகவரிப் பட்டியலை எடுத்து, தபாலிலேயே விற்றார். முதலில் விற்ற நூறு ஜோடியில் தொண்ணூறு திரும்பி வந்துவிட்டது! ரப்பரில் தையல் பிய்ந்துபோனதுதான் காரணம். மனிதர் எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், கடன் வாங்கிக் குறையைச் சரிசெய்து மறுபடி விற்றார். எல்.எல். பீன் கம்பெனியின் கதை தொடங்கியது இப்படித்தான்.

நடைப் பயணிகளின் நம்பிக்கையை அசைத்தவர் ஒரு பாட்டி. எம்மா கேட்வுட், ஒஹையோ மாநிலத்துக்காரர், பதினொரு குழந்தைகளுக்குத் தாய், அடித்து உதைக்கும் கணவனிடமிருந்து பிரிந்து வந்தவர். 1955 மே மாதம், தன் 67-வது வயதில், பிள்ளைகளிடம் கொஞ்சம் நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு ஜார்ஜியாவில் அப்பலேச்சியன் தடத்தில் நடக்கத் தொடங்கினார். சுமார் 3,300 கிலோமீட்டர். கூடாரம் இல்லை, தூங்கும் பை இல்லை. தானே தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரை ஒன்று. காலில் கெட்ஸ் என்ற சாதாரணக் கான்வாஸ் ஷூ! செப்டம்பர் 25-ம் தேதி மெய்னில் உள்ள கட்டாடின் சிகரத்தில் நின்றார். அந்தத் தடத்தைத் தனியாக ஒரே பருவத்தில் முடித்த முதல் பெண் அவர். பிறகு இன்னும் இரண்டு முறை அதே தடத்தை முடித்தார். அவருக்கு முன் 1948-ல் முதன்முதலாக முழுத் தடத்தையும் ஒரே மூச்சில் நடந்த ஏர்ல் ஷாஃபர் போட்டிருந்தது தோல் பூட்ஸ். ஆனாலும் பாட்டியின் ஷூவை வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள், பாடமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

1969-ல் சூல், கோல்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க ராணுவ ஆராய்ச்சியாளர்கள் தலையில், கையில், காலில் சுமை வைத்து ஆட்களை நடக்கவிட்டு ஆற்றல் செலவை அளந்தார்கள். காலில் கட்டிய ஒரு கிலோவுக்கு, உடம்பிலேயே ஒரு கிலோ கூடியிருந்தால் ஆகும் செலவைப் போல் நாலு முதல் ஆறு மடங்கு ஆனது. வேகம் கூடக் கூட மடங்கும் கூடியது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முதுகில் இருக்கும் சுமை ஏறக்குறைய ஒரே சீராக முன்னே போகிறது. காலில் இருப்பதையோ ஒவ்வொரு அடிக்கும் தூக்கி, வீசி, நிறுத்த வேண்டும். 1.8 கிலோ பூட்ஸுக்குப் பதில் 700 கிராம் ஓட்டக் காலணி போட்டால் மிச்சம் 1.1 கிலோ. கணக்குப் போட்டுப் பார்த்தால் முதுகிலிருந்து ஐந்து கிலோ இறக்கிவைத்த மாதிரி!

இதற்கிடையில் ஓட்டக் காலணிகளே நல்ல பொருளாகிக்கொண்டிருந்தன. ஆரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் 1971-ல் மனைவியின் வாஃபிள் சுடும் இரும்பில் ரப்பரை ஊற்றி, கட்டம் கட்டமான அடிப்பாகம் செய்து பார்த்த கதை பிரபலமானது. 1978-ல் கே-2 ஏறப்போன அமெரிக்கக் குழுவில் ரிக் ரிட்ஜ்வே, ஜான் ராஸ்கெலி இருவரும் அடிவாரம் வரையிலான நீண்ட நடைக்கு நைக்கி ஓட்டக் காலணியையே போட்டுப் போனார்கள். நைக்கி 1981-ல் 'லாவா டோம்' என்ற லேசான மலைநடைக் காலணியைக் கொண்டுவந்தது.

கொள்கையாகவே இதை முன்வைத்தவர் ரே ஜார்டின். பாறையேற்றத்தில் 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற கருவியைக் கண்டுபிடித்த அதே ஆள். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா வரை போகும் பசிபிக் முகட்டுத் தடத்தை மனைவியோடு நடந்துவிட்டு, 1992-ல் அதற்கொரு கையேடு எழுதினார். பூட்ஸை விட்டு ஓட்டக் காலணிக்கு வாருங்கள் என்றார். ஆனால் அவர் சொன்னதில் பாதியைத்தான் பலர் கேட்டார்கள். முதலில் முதுகுப்பையின் எடையைக் குறை, பிறகு காலணியைக் குறை என்பதே அவர் வரிசை. இருபத்தைந்து கிலோ மூட்டையை வைத்துக்கொண்டு மெல்லிய ஷூ போட்டால் பாதம் திட்டத்தான் செய்யும்.

1993-ல் கொலராடோவின் லெட்வில் நூறு மைல் ஓட்டப்பந்தயத்தில் மெக்சிகோவின் தராஹுமாரா இனத்தைச் சேர்ந்த 55 வயது விக்டோரியானோ சுர்ரோ முதலில் வந்தார். காலில் டயர் வெட்டிச் செய்த செருப்பு. நம் ஊர்க் கிராமங்களில் பார்த்த அதே டயர் செருப்பின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்!

கணுக்காலுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்ற கேள்வி எப்போதும் வரும. 1993-ல் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 622 பேரிடம் நடத்திய ஆய்வில் உயரமான ஷூ போட்டவர்களுக்கும் தாழ்வான ஷூ போட்டவர்களுக்கும் சுளுக்கு எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. கூடைப்பந்து மைதானம் வேறு, கல் உருளும் மலைச்சரிவு வேறு என்பது உண்மைதான். ஆனாலும் மென்மையான துணி பூட்ஸ் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் என்பதற்குப் பெரிய ஆதாரம் கிடையாது. காலைக் காப்பது பழகிய தசைதான். பயிற்சிக்குத் தட ஓட்டக் காலணி ஏற்றது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை அதிகமில்லை. நாள் முழுக்க நடந்தால் பாதம் வீங்கும், எனவே மாலையில் போய், போடப்போகும் காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். சேற்றுக்கு ஆழமான கட்டைகள், கெட்டித் தரைக்கு ஆழம் குறைந்தவை. கூர்க்கல் நிறைந்த பாதை என்றால் நடுவில் மெல்லிய தடுப்புத் தகடு உள்ள ஷூ நல்லது. தண்ணீர் புகாத கோர்-டெக்ஸ் உறை மழைத்தூறலுக்கும் ஈரப் புல்லுக்கும் சரி. ஓடையில் இறங்கி மேல்வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் அது வெளியேறாது. வலைத்துணி ஷூ நனைந்தாலும் நடக்க நடக்கக் காய்ந்துவிடும்.

வேட்டையில்தான் இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. அமெரிக்காவின் மேற்கு மலைகளில் எல்க் மான் தேடிப் போகிறவர் ஒரு நாளில் இருபது கிலோமீட்டர்கூட நடப்பார். வில் வேட்டைக்காரருக்கு மெல்லிய அடிப்பாகம் ஒரு வரம், சுள்ளி மிதிபடுவது உடையும் முன்பே காலுக்குத் தெரியும். ஆனால் மான் விழுந்த பிறகு கதை மாறுகிறது. பெரிய ஆண் எல்க்கில் எலும்பு நீக்கிய இறைச்சியே நூறு கிலோவை நெருங்கும். அதைப் பல நடைகளாக முதுகில் சுமந்து சரிவில் குறுக்காக வர வேண்டும். அங்கே வளையும் ஷூ காலடியில் திருகிக்கொள்ளும், கெட்டி அடிப்பாகம் கொண்ட பூட்ஸ் சரிவில் விளிம்பு பதித்து நிற்கும். பின்பருவத்தில் பனி விழுந்தால் விரல்களுக்கே ஆபத்து, கிராம்பான் மாட்டவும் மெல்லிய ஷூ உதவாது. அதனால் செப்டம்பர் வேட்டைக்கு ஓட்டக் காலணியும், வண்டியில் ஒரு ஜோடி பூட்ஸும் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டக் காலணி ஐந்நூறு முதல் எண்ணூறு கிலோமீட்டரில் தேய்ந்துவிடும் என்பதால் கோடைகாலப் பயிற்சியில் ஓடித் தீர்த்த ஜோடியை வேட்டைக்குக் கொண்டுபோவதில்லை. புதிதாக ஒன்று வாங்கி, இரண்டு வாரம் சுமையோடு நடந்து பழக்கிவிட்டுப் போகிறார்கள்.