பொக்லைனும் எங்கள் வேப்பமரமும்

மண் தோண்டும் இயந்திரம் எது வந்தாலும் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்: பொக்லைன். செய்தித்தாளிலும் அப்படித்தான் போடுகிறார்கள். மஞ்சள் வண்டியில் வேறு கம்பெனி பெயர் அடி உயரத்துக்கு எழுதியிருந்தாலும் அது பொக்லைன்தான். நான் படித்தது பிரெஞ்சு வழியில். ஆகையால் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் இது எங்கோ கேட்ட சத்தமாயிற்றே என்று தோன்றும். எங்கள் பழைய வாத்தியார் சொல்லியிருந்தால் கடைசி எழுத்தை மூக்கால் இழுத்திருப்பார்.

தேடிப் பார்த்ததில் சந்தேகம் சரிதான். அது பிரெஞ்சு நாட்டுக் கம்பெனியின் பெயர். பாரிஸுக்கு வடகிழக்கே, வாஸ் மாவட்டத்தில், லெ ப்ளெஸி பெல்வீல் என்ற ஊரில் 1927-இல் ஜார்ஜ் பத்தாய் என்பவர் அந்தப் பட்டறையைத் தொடங்கினார். முதலில் சுற்றுவட்டாரப் பண்ணைகளின் விவசாயக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலைதான். 1951-இல் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தோண்டும் இயந்திரத்தைச் செய்தார்கள். பிற்பாடு நம் நாட்டில் எல் அண்ட் டி நிறுவனம் அவர்களுடைய தொழில்நுட்பத்தில் இயந்திரங்களைத் தயாரித்தது. அந்த வழியாக வந்த பெயர் நம் வாயில் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன பிறகு வந்த பிரெஞ்சுச் சொல் என்று இதைச் சொல்லலாம்.

பெயர்க் கதை இருக்கட்டும். இந்த இயந்திரங்களின் வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் வேறு. நான் செய்த ஒரு தவறு.

தானே புயலை மறந்திருக்க மாட்டீர்கள். 2011 டிசம்பர் 30, விடியற்காலை. புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காலையில் கதவைத் திறந்தால் தெரு தெரியவில்லை, மரம்தான் தெரிந்தது. தாவரவியல் பூங்காவில் எத்தனையோ பழைய மரங்கள் சாய்ந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகப் போயின. எங்கள் தெருவுக்கு எட்டு நாள் கழித்துத்தான் கரண்ட் வந்தது.

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு பெரிய மரங்கள். ஒன்று மாமரம், அப்பா வைத்தது. அது வேரோடு சாய்ந்து கிணற்றின் மேல் கிடந்தது. மற்றது வேம்பு, அம்மா வைத்தது. மாமரத்துக்கும் அதற்கும் எட்டடி தூரம்தான். கிளைகள் முறிந்து இலையெல்லாம் உதிர்ந்து போயிருந்தாலும் வேம்பு நிமிர்ந்து நின்றது. அக்கா வந்து அதன் அடிமரத்தைத் தொட்டுப் பார்த்து, “இதாவது நின்னுச்சே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மரம் வெட்டும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “கிளையை மெஷின்ல அறுத்துடலாம் ஐயா. அடிக்கட்டையைக் கையாலதான் தோண்டணும். மூணு நாள் ஆகும். ஆனா பக்கத்து மரத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

எனக்குப் பொறுமை இல்லை. தண்ணீர் இல்லை, கிணறு அடைபட்டிருக்கிறது, தெருமுனையில் பொக்லைன் ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. “மூணு நாளெல்லாம் முடியாதுங்க, ஒரு மணி நேரத்துல முடிச்சிடுறேன்” என்றேன். பக்கச் சந்து வழியாக வண்டி நுழையாது என்று மதில் சுவரில் ஒரு பகுதியை நானே இடிக்கச் சொன்னேன். டிரைவர் மேல் குற்றம் இல்லை. சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடித்தார். கட்டையைப் பிடுங்க வேம்பின் பக்கமாக வண்டியை நிறுத்தித்தான் ஆகவேண்டியிருந்தது. மண்ணிலிருந்து கட்டை வந்தபோது கட்டைவிரல் தடிமனுள்ள வேர்கள் பட்பட்டென்று அறுந்தன. எல்லாம் மாமரத்து வேர் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் வேம்பு துளிர்த்தது. அதற்கடுத்த வருடம் உச்சியில் இலை குறைந்தது. புயலடித்த களைப்பு என்று நினைத்தோம். மூன்றாம் வருடம் மழைக்காலத்தில், புயல் என்று யாரும் பெயர் வைக்காத ஒரு சாதாரணக் காற்றில், ராத்திரியில் விழுந்தது. நல்லவேளை, ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அறுக்க வந்தவர் அதே பெரியவர். குழியைக் காட்டினார். “இந்தப் பக்கம் வேரே இல்லை பாருங்க ஐயா.” மாமரம் இருந்த பக்கத்தில் வேர்கள் எல்லாம் குட்டையாக, முனை அழுகிக் கிடந்தன. அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. தானே புயலுக்குத் தப்பிய மரம் என் ஒரு மணி நேர அவசரத்துக்குத் தப்பவில்லை.

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். மரத்தின் வேர் ஆழமாகக் கீழே போகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே, கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவிக் கிடக்கின்றன. நம் ஊரில் ஓடும் பெரிய இயந்திரம் ஏறக்குறைய ஏழரை டன் எடை, ஏழடிக்கு மேல் அகலம். ஈர மண்ணில் அது இரண்டு முறை போய் வந்தாலே மண்ணில் காற்றும் நீரும் போகும் நுண்துளைகள் நசுங்கிவிடும். வேர் மூச்சுவிட முடியாது. இதன் பலன் அன்றே தெரியாது, இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் யாரும் அந்த நாளையும் இந்த நாளையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். சின்ன இயந்திரங்கள் எல்லாம் யாரோ ஒருவருக்கு இடம் போதாமல் போனதால் பிறந்தவை. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ராத்சே என்று ஓர் ஊர். அங்கே லூயி கெல்லர், சிரில் கெல்லர் என்று அண்ணன் தம்பி இருவர் பட்டறை வைத்திருந்தார்கள். வான்கோழி வளர்க்கும் விவசாயி ஒருவர் அவர்களிடம் வந்தார். கொட்டகையில் எருவை வார இயந்திரம் வேண்டும். ஆனால் கீழ்த்தளத்தில் தூண்கள், அவற்றுக்கிடையே வளைந்து திரும்ப வேண்டும். மேல்தளமோ கனத்தைத் தாங்காது. 1957-இல் சகோதரர்கள் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். இடப்பக்கச் சக்கரமும் வலப்பக்கச் சக்கரமும் தனித்தனியே ஓடும். ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் ஓட்டினால் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். மெல்ரோ என்ற கம்பெனி அதை எடுத்துக்கொண்டு 1960-இல் நான்கு சக்கரமாக்கியது. 1962-இல் அதற்கு ஓர் அமெரிக்கக் காட்டுப்பூனையின் பெயரை வைத்தார்கள். அதுதான் இன்றைய பாப்கேட்.

ஜப்பானில் வீட்டு மனைகள் நெருக்கமானவை. அங்கே யான்மார் கம்பெனி 1968-இல் சின்னத் தோண்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. 1993-இல், சுழலும்போது பின்பக்கம் சக்கரப் பட்டைக்கு வெளியே நீட்டாத வகையைச் செய்தார்கள். சுவரை ஒட்டி நின்று வேலை செய்தாலும் இடிக்காது.

மரம் அறுக்கும் செயின் சாவும் இப்படித்தான். ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஸ்டீல் 1926-இல் செய்தது மின்சாரத்தில் ஓடியது, பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். 1929-இல் பெட்ரோலில் ஓடுவது வந்தது. ஒரே ஆள் தூக்கி அறுக்கும் பெட்ரோல் ரம்பம் அந்தக் கம்பெனியிலிருந்து 1950-இல்தான் வந்தது, எடை 16 கிலோ. அதன் சங்கிலிப் பல்லுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்க மரம்வெட்டி ஜோசப் காக்ஸ், ஒரு வண்டின் புழு மரத்தை இடமும் வலமும் மாறி மாறிக் குடைந்துகொண்டு போவதைப் பார்த்து, அதேபோலப் பல் அமைத்து 1947-இல் விற்க ஆரம்பித்தார். இன்று நம் ஊர் மரக்காரர்கள் கையில் இருப்பதும் பெரும்பாலும் அந்த வழிவந்த சங்கிலிதான்.

இவர்கள் எல்லாரும் முதலில் இடத்தை அளந்தார்கள், பிறகு இயந்திரத்தைச் செய்தார்கள். நான் தெருவில் நின்ற இயந்திரத்தைப் பார்த்தேன், பிறகு சுவரை இடித்தேன்.

சென்ற வருடம் மைத்துனர் வீட்டில் பின்கட்டுக் கொய்யா பட்டுப்போய்விட்டது. அதைச் சுற்றி இரண்டு தென்னை, ஒரு நாரத்தை. அவரும் பொக்லைனுக்குச் சொல்லிவிட்டிருந்தார். “வேண்டாங்க மாப்பிள்ளை, என் பேச்சைக் கேளுங்க” என்று தடுத்து, நானே டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். இன்று நம் பக்கமும் ஒன்றரை டன் அளவிலான மினி வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. சிலவற்றின் பட்டைகளை உள்ளே இழுத்தால் அகலம் ஒரு மீட்டர்தான். ரப்பர் பட்டை என்பதால் எடை பரவி இறங்கும், மண் அதிகம் அழுந்தாது. போகும் வழியில் பலகை போட்டோம். முதலில் செயின் சாவால் கிளைகளைக் கழித்தோம். தென்னைப் பக்கம் கையால் ஒரு சிறு பள்ளம் தோண்டி, எந்த வேர் யாருடையது என்று பார்த்துக்கொண்டோம். பிறகுதான் வண்டி. முழுக்க அரை நாள் பிடித்தது. மூன்று மரங்களும் நன்றாக இருக்கின்றன. மேலே சொன்ன கணக்குப்படி இன்னும் இரண்டு வருடம் பார்த்துவிட்டுத்தான் நிச்சயமாகச் சொல்வேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி வேலை வந்தால் என் அனுபவத்தில் சில வார்த்தைகள். நுழைவழியை அளந்துவிட்டுப் பிறகு வண்டி பேசுங்கள். மழை ஓய்ந்து மண் காய்ந்த பிறகு வேலை வையுங்கள். தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் போகும் இடத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டுங்கள். பாப்கேட் போன்ற சக்கர வண்டி சமதளத்தில் குப்பை வார நல்லது, ஆனால் திரும்பும்போது மண்ணை அரைத்துவிடும், உயிருள்ள மரத்தடியில் வேண்டாம். கட்டையைப் பிடுங்கியே தீரவேண்டும் என்று இல்லாவிட்டால், தரைக்குக் கீழே அரையடி வரை துருவி எடுக்கும் இயந்திரமும் உண்டு, அதில் பக்கத்து வேர்கள் அறுவதில்லை. சாய்ந்த மரத்தை அறுக்கும்போது வேர்க்குழிப் பக்கம் யாரையும் நிற்க விடாதீர்கள். பாரம் போனவுடன் கட்டை சட்டென்று திரும்ப நிமிரும்.

எங்கள் மதில் சுவரில் இடித்துக் கட்டிய இடம் இன்னும் வேறு நிறமாகத்தான் இருக்கிறது. அக்கா ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. எங்கள் பக்கச் சந்தின் அகலம் மூன்றடி ஏழு அங்குலம். இப்போது யாரும் கேட்காமலே சொல்வேன்.