துணிக்காகத் தீவாந்தரம்

1789 ஜனவரியில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றக் கூண்டில் இரண்டு சிறுமிகள் நின்றார்கள். ஒருத்தி மேரி வேட், மற்றவள் அவளைவிடச் சற்று மூத்த ஜேன் வைட்டிங். தண்ணீர் எடுக்க வந்த எட்டு வயதுக் குழந்தையைக் கழிப்பிடத்துக்குள் கூட்டிப்போய், அவள் போட்டிருந்த பருத்திக் கவுனையும் கழுத்துத் துணியையும் தொப்பியையும் கழற்றிக்கொண்டார்கள் என்பது வழக்கு. கவுன் அடகுக் கடைக்குப் போய்விட்டது. மேரி தெருக்கூட்டியும் பிச்சையெடுத்தும் வயிறு வளர்த்தவள். இருவருக்கும் தூக்கு என்று தீர்ப்பானது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் இருநூறுக்கும் அதிகமான குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை இருந்தது. குடியிருக்கும் வீட்டுக்குள் 40 ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினால் தூக்கு. கடையில் யாரும் பார்க்காதபடி 5 ஷில்லிங் சரக்கை எடுத்தாலும் தூக்குதான். ஜூரிகளில் பலருக்கே இது பொறுக்கவில்லை. பொருளின் மதிப்பு எதுவானாலும் '39 ஷில்லிங்' என்று எழுதிவைப்பார்கள். அந்த ஒரு ஷில்லிங்கில் ஓர் உயிர் தப்பும். ஆனால் ஊரில் இருக்க முடியாது. ஏழு ஆண்டோ பதினான்கு ஆண்டோ தீவாந்தரம் போக வேண்டும். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிந்துபோனபின் அந்தத் தீவாந்தரம் ஆஸ்திரேலியா ஆயிற்று.

1788 முதல் 1868 வரை அங்கே அனுப்பப்பட்ட சுமார் 1,62,000 கைதிகளில் ஏறக்குறைய 25,000 பேர் பெண்கள். பெரும்பாலோர்மீது இருந்தது திருட்டு வழக்கு. அதிலும் திரும்பத் திரும்ப வருவது துணி. சட்டை, படுக்கை விரிப்பு, காலுறை, சரிகைப் பின்னல், மேலங்கி. காரணம் எளிது. ஆயத்த ஆடை மலிவாகக் கிடைக்காத காலத்தில் துணிதான் ஏழைக்கு எட்டிய சொத்து. வீட்டு வேலைக்காரியின் கையில் எஜமானியின் துணிகள் தினமும் புழங்கின. எடுத்தால் மறைப்பது சுலபம், அடகு வைப்பது அதைவிடச் சுலபம். பசித்தவள் ரொட்டியைத்தான் திருடுவாள் என்று நாம் நினைக்கிறோம். அவள் திருடியது ரொட்டியாக மாற்றக்கூடிய துணியை. (உண்மையிலேயே உணவை எடுத்தவர்களும் உண்டு. முதல் கப்பல் அணியில் போன எலிசபெத் பெக்ஃபோர்டு அப்படி ஒருவர். 12 பவுண்டு பாலாடைக்கட்டிக்காக ஏழு ஆண்டு. கப்பல் மருத்துவர் அவருடைய வயதை 70 என்று குறித்திருக்கிறார்.)

மேரி வேட் தூக்கில் தொங்கவில்லை. அரசர் மூன்றாம் ஜார்ஜ் மனநோயிலிருந்து தேறிய மகிழ்ச்சியில் மரண தண்டனைகள் குறைக்கப்பட்டன. அவளை 'லேடி ஜூலியானா' கப்பலில் ஏற்றினார்கள். 220க்கும் மேற்பட்ட பெண்களோடு 1789 ஜூலையில் பிளிமத்தை விட்டுக் கிளம்பிய அந்தக் கப்பல், 309 நாள் கழித்து 1790 ஜூன் 3 அன்று சிட்னியை அடைந்தது. அங்கிருந்தவர்கள் பட்டினியில் உணவுக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள். இறங்கிய பெண்களை அவர்கள் வேண்டாத சுமையாகத்தான் பார்த்தார்கள்.

அதே கப்பலில் வேலை பார்த்த ஜான் நிக்கல் 1822இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் சாரா விட்லம் என்ற லிங்கன் பகுதிப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். தோழியிடம் இரவல் வாங்கிய மேலங்கிக்காகத் திருட்டுப் பட்டம் சுமந்தவள் என்பது அவர் தரப்பு. அவளுடைய விலங்கைப் பட்டறைக் கல்லில் வைத்து உடைத்தவர் அவரேதான். வழியில் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். கப்பல் திரும்பியபோது நிக்கல் அதோடு போக வேண்டியிருந்தது. பிறகு எத்தனையோ கப்பல் ஏறிப் பார்த்தும் அவளை அவர் மறுபடி காணவில்லை.

கரையிறங்கிய பிறகும் துணி அவர்களை விடவில்லை. சிட்னிக்கு அருகே பாரமட்டாவில் 1821இலும், டாஸ்மேனியாவில் ஹோபார்ட்டின் ஈரப்பள்ளத்தாக்கில் பழைய சாராய வடிசாலை ஒன்றில் 1828இலும் பெண்களுக்கான 'ஃபாக்டரி'கள் திறந்தன. சிறை, பிரசவ விடுதி, வேலைக்கு ஆள் அனுப்பும் இடம் மூன்றும் அதுவே. பாரமட்டாவில் கம்பளி நூற்றார்கள்; ஹோபார்ட்டில் ஊராரின் அழுக்குத் துணியை வெளுத்தார்கள். தண்டனையாகத் தலைமுடியை வெட்டினார்கள். 1827 அக்டோபரில் ரொட்டியையும் சர்க்கரையையும் குறைத்தபோது பாரமட்டாப் பெண்கள் கதவை உடைத்து ஊருக்குள் புகுந்து உணவை அள்ளினார்கள். படை வந்துதான் அடக்கியது.

மேரி வேட் 1859இல் இறந்தபோது அவருடைய வம்சத்தில் முந்நூறு பேருக்குமேல் உயிரோடிருந்தார்கள். பிற்கால ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் அந்த வழியில் வந்தவர்.

1841 ஏப்ரலில் 'ராஜா' என்ற கப்பல் 180 பெண் கைதிகளோடு புறப்பட்டது. சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரையின் பெண்கள் சங்கம் ஆளுக்கொரு பையில் ஊசி, நூல், துண்டுத் துணிகள் கொடுத்தனுப்பியிருந்தது. துணிக்காகப் பிடிபட்டவர்களின் கையிலேயே துணி! கெசியா ஹேட்டர் என்ற இளம்பெண்ணின் மேற்பார்வையில், மூன்று மாதக் கடல் ஆட்டத்தில், 2,815 துண்டுகளைச் சேர்த்துப் பத்தடிக்கும் மேல் அகலமான விரிப்பு ஒன்றைத் தைத்து முடித்தார்கள். பல காலம் காணாமல் கிடந்து, 1980களில் ஸ்காட்லாந்தில் ஒரு பரணிலிருந்து அது வெளிப்பட்டது. இப்போது கான்பெராவின் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் ஓரத்தில், ஊசியும் நூலும் தந்த சீமாட்டிகளுக்கு நன்றி சொல்லும் வாசகம் சிறுசிறு தையல்களில் பதிந்திருக்கிறது. தைத்தவர்கள் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை.