வெந்நீரூற்றில் வீழ்ந்த முறையீடுகள்



உரோமர் வரலாற்றை நாம் பள்ளியிற் கற்ற முறை உங்களுக்கு நினைவிருக்கும். பேரரசர்களின் பெயர்கள், போர் நிகழ்ந்த ஆண்டுகள், நேராக இட்ட நெடுஞ்சாலைகள் என்பனவே அதன் பெரும்பகுதி. அப்பேரரசின் ஓரத்தூர் ஒன்றிலே குளிக்கச் சென்றவனின் கையுறை களவு போனால் அவன் யாது செய்தான் என்பதை எந்தப் பாடநூலும் நமக்குக் கூறவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீரூற்று அதனைக் கூறுகின்றது.

இலண்டனின் பாடிங்டன் நிலையத்திலிருந்து பாத் நகருக்குப் புகையிரதத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். காலையிற் சென்று மாலையில் மீளலாம். அந்நாட்டில் தங்கியிருந்த விடுமுறையில் ஒருநாளை நான் அதற்கென ஒதுக்கினேன். கன்னியாவின் ஏழு கிணறுகளில் வாளியால் மொண்டு குளித்துப் பழகிய நமக்கு இவ்வூற்றின் பெருக்கம் வியப்பளிக்கும். நாளொன்றுக்குச் சுமார் 1,170,000 லீற்றர் நீர், 46 பாகை செல்சியஸ் வெப்பத்துடன் ஓயாது பொங்குகின்றது. இந்நீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மழையாகப் பெய்தது. சுண்ணக்கற் பாறைகளினூடே 2,000 மீற்றருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, பாறைப் பிளவு வழியாக மேலெழுகின்றது.

உரோமர் கி.பி. 43இல் பிரித்தானியாவின்மேற் படையெடுத்தனர். அதற்கு முன்னரே அந்நாட்டு மக்கள் இவ்வூற்றைச் சூலிஸ் என்னும் தெய்வத்தின் உறைவிடமாகப் போற்றிவந்தனர். வந்தவர்கள் அத்தெய்வத்தை விரட்டவில்லை. தம் மினர்வாவோடு இணைத்துச் சூலிஸ் மினர்வா என்றழைத்தனர். சில பத்தாண்டுகளுக்குள் கோயிலும் குளிமண்டபங்களும் எழுந்தன. பெரிய தடாகத்தின் அடியில் உரோமர் பரப்பிய 45 ஈயத்தகடுகள் இன்றும் நீரைத் தாங்கி நிற்கின்றன. மிகுநீரை ஏவன் ஆற்றுக்குக் கொண்டுசெல்வதும் அவர்கள் கட்டிய வடிகாலே. பிற்காலத்திலே, 18ஆம் நூற்றாண்டில், சீமான்களும் சீமாட்டிகளும் இங்கு கூடி நீர் பருகியும் நடனமாடியும் பொழுது போக்கிய கதையை ஆங்கில நாவல்கள் போதிய அளவு சொல்லியிருக்கின்றன, அதனை விடுகிறேன்.

பழைய தடாகத்தில் இப்போது எவரும் இறங்கலாகாது. 1978இல் இந்நீரிலிருந்த நுண்ணுயிரொன்று மூளையைத் தாக்கி ஒரு சிறுமி இறந்ததன் பின்னர் நீராடல் நிறுத்தப்பட்டது. ஆழத்துளையிட்டுத் தூய நீர் எடுத்து, 2006இல் அண்மையிலே புதிய நீராடு மண்டபம் ஒன்றைத் திறந்தார்கள். அதன் கூரைமேலுள்ள தடாகத்திற் கழுத்தளவு வெந்நீரில் நின்று, குளிர்காற்று முகத்தில் வீச, நகரத்துக் கோபுரங்களைப் பார்த்திருப்பது உண்மையாகவே இன்பமானது. வயதின் வலிகள் சில மணி நேரம் என்னை விட்டகன்றன.

ஆயினும் அன்று என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தவை நூதனசாலையிலுள்ள சிறு தகடுகளே. 1979, 1980 ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் பரி கன்லிஃப் தலைமையில் ஊற்றை அகழ்ந்தபோது, நாணயக் குவியலுக்கிடையே ஈயமும் வெள்ளீயமும் கலந்த தகடுகள் பல வெளிப்பட்டன. இங்கு கிடைத்தவை மொத்தம் சுமார் 130. அவற்றிற் பெரும்பாலானவை களவு கொடுத்தவர்கள் தெய்வத்துக்கு எழுதிய முறையீடுகள். தொசிமெடிஸ் என்பவன் இரு கையுறைகளை இழந்தான். திருடியவன் அறிவையும் கண்களையும் இழக்கவேண்டும் என்று கேட்கிறான். வேறொருவன் கலப்பையின் கொழுவைப் பறிகொடுத்தவன். மேலாடை, குளியலாடை, சில வெள்ளிக்காசு இவைதாம் ஏனையோரின் இழப்புகள். நமக்கு இவை அற்பமாகத் தோன்றலாம். உழுபவனுக்குக் கொழு அற்பமன்று. அந்நாட்டுக் குளிரில் மேலாடையும் அவ்வாறே.

முறையிட்டவர்களின் சாதுரியம் கவனிக்கத்தக்கது. சிலர் களவுபோன பொருளையே தெய்வத்துக்குத் தானமாக எழுதிவைத்தனர். அக்கணமே திருடன் தெய்வத்தின் சொத்தைத் திருடியவனாகிறான்! ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ எனச் சட்டப் பத்திரம் போன்று எவரையும் தப்பவிடாமல் வளைத்தனர். அன்னியானஸ் என்பவன், கிறித்தவனாயினும் அல்லாதவனாயினும் என்று சேர்த்துக்கொண்டான். புதுச்சமயம் அவ்வூரை எட்டிய செய்தி, ஆறு வெள்ளிக்காசு இழந்த ஒருவனின் கோபத்தின் வழியாக நமக்குக் கிடைக்கின்றது. ஆளுநரின் மன்றத்தை அணுகமுடியாத எளியோர்க்கு இவ்வூற்றே நீதிமன்றமாயிருந்தது என்பது என் எண்ணம். நம்மூரிலும் காளி கோயிலில் முறையிடுவோர் உளரல்லவா?

ஆசிரியத் தொழிலிலே மூப்படைந்தவனாதலால் எழுத்தைக் கூர்ந்து நோக்கினேன். இத்தகடுகளைப் படித்து 1988இல் வெளியிட்ட அறிஞர் ரோஜர் டொம்லின், ஏறக்குறைய ஒவ்வொன்றும் வெவ்வேறு கையெழுத்து என்று கண்டார். தொழில்முறை எழுத்தர் சிலரே எல்லாவற்றையும் எழுதிக்கொடுக்கவில்லை. வந்தவர் பலர் தாமே எழுத முயன்றனர். அக்காலத்துச் சாமானியரின் இலத்தீன், பிழைகளோடும் பேச்சுவழக்கோடும் அப்படியே பதிந்துள்ளது. சிலர் சொற்களைத் தலைகீழாக எழுதினர். இன்னுஞ் சில தகடுகளில் எழுத்தே இல்லை. எழுத்தைப்போன்று வரிசையாக இழுத்த கீறல்கள் மாத்திரம் உள்ளன. எழுதப் படிக்கத் தெரியாத யாரோ, மற்றவர்கள் செய்வதைப் பார்த்துத் தாமும் ஆணியெடுத்துக் கீறியிருக்கிறார். அவர் இழந்த பொருள் யாது, யார்மீது ஐயுற்றார் என்பதை எவராலும் படிக்க முடியாது. தகட்டை மற்றவர்களைப் போலவே நீரில் இட்டுச் சென்றிருக்கிறார்.