பகுதிரை: ஓர் உத்தியும் அதன் பெயரும்

1. திரைத்துறையினர் 'ஸ்பிளிட் ஸ்கிரீன்' என வழங்கும் உத்தி, ஒரே சட்டகத்தைப் பல கூறுகளாக்கி, வெவ்வேறு நிகழ்ச்சிகளை ஒருசேரக் காட்டுவதாகும். இதனைப் 'பிளவுத்திரை' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் எளிது. ஆயின் உத்தியின் வரலாறு அப்பெயருக்கு அரண் செய்யவில்லை.

2. பேச்சும் எழுத்தும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வன. ஒரே பொழுதில் நிகழும் இரண்டினைக் கூற, மொழி 'அதே வேளையில்', 'இதற்கிடையே' போன்ற தொடர்களை நாடுகிறது. காட்சிகளை மாறி மாறித் தொகுக்கும் திரைப்படமும் இவ்வழியிலேயே செல்கிறது. இதற்கு மாறாக, 1913இல் வெளிவந்த 'சஸ்பென்ஸ்' என்னும் அமெரிக்கக் குறும்படத்தில் லோயிஸ் வெபர் சட்டகத்தை முக்கோணங்களாகப் பகுத்தார். தொலைபேசியில் உதவி கோரும் மனைவி, அதனைக் கேட்கும் கணவன், வீட்டினுள் நுழைய முயலும் அயலான் ஆகிய மூவரும் ஒரே பார்வையில் அடங்கினர். இங்குக் கோடு இடத்தைப் பிரிக்கிறது, காலத்தை இணைக்கிறது.

3. தமிழ்த் திரையில் சட்டகப் பகுப்பு வேறொரு தேவைக்குப் பயன்பட்டது. சேலம் மாடர்ன் தியேட்டர்சின் 'உத்தமபுத்திரன்' (1940) படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். 'தெய்வமகன்' (1969) படத்தில் சிவாஜி கணேசன் மூன்று வேடங்களில் தோன்றினார். கணினி வருவதற்கு முன் இத்தகைய காட்சிகளுக்குக் கையாளப்பட்ட முறை மறைப்பு முறையாகும். லென்சின் ஒரு பாதியை மறைத்து நடிகரை ஒரு வேடத்தில் படம்பிடிப்பர். பின்னர் பிலிமைப் பின்னோக்கிச் சுழற்றி, மறுபாதியை மறைத்து அடுத்த வேடத்தைப் பதிவு செய்வர். கேமரா அசைதல் கூடாது. நடிகர் கோட்டைக் கடத்தல் கூடாது. எதிரில் இல்லாத மற்றவரின் பேச்சுக்கு இடைவெளி விட்டே மறுமொழி கூறுதல் வேண்டும். தூண், கதவுநிலை போன்றவற்றின்மீது கோடு விழுமாறு அமைத்தால் அது கண்ணுக்குப் புலப்படாது. வெவ்வேறு பொழுதுகளில் பதிவானவை இவ்வாறு ஒரே பொழுதாகத் தோன்றின.

4. நன்னூல் பதங்களைப் பகுபதம், பகாப்பதம் என வகுக்கும். வெபரின் சட்டகம் பகுபதம் போன்றது. பார்ப்போர் கூறுகளை அறிந்தே முழுப்பொருளைப் பெறுகின்றனர். இரட்டை வேடச் சட்டகமோ பகுக்கப்பட்டிருந்தும் பகாப்பதமெனத் தோன்ற முயல்வது. எனவே இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தல் பொருந்தாது. 'இரட்டை வேடம்' என்னும் வழக்கும் நடிகரின் பணியையே குறிக்கிறது. சட்டகத்தின் பணியைக் குறிக்கவில்லை.

5. உத்தியைக் கருவியால் அன்றி அதன் பயனால் பெயரிடுவதற்குத் தெலுங்கு நாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செரு அடங்கிய இன்றைய சங்காரெட்டி மாவட்டத்திலேயே, சகீராபாத்தை ஒட்டிப் பாஸ்தாபூர் உள்ளது. அங்குத் தக்காண வளர்ச்சிக் கழகத்தின் சங்கங்களைச் சார்ந்த உழவர் பெண்கள் வீடியோ எடுக்கக் கற்றனர். மேலிருந்து கீழ்நோக்கும் காட்சிக்குப் 'பட்டேல் ஷாட்' என்றும், கண்மட்டத்தில் அமைந்த காட்சிக்குச் 'சங்கம் ஷாட்' என்றும் அவர்கள் பெயரிட்டனர். நிலவுடைமையாளரின் பார்வையும் சங்கத்தின் சமநிலையும் அப்பெயர்களில் விளங்குகின்றன.

6. 'பிளவு' என்னும் சொல் முறிவை உணர்த்துவது. 'பகு' என்பதோ பங்கிடுதலையும் உணர்த்தும். ஆதலின் கோடு வெளிப்படும் உத்தியைப் பகுபதத்தை ஒட்டிப் 'பகுதிரை' என வினைத்தொகையாகவும், கோடு மறையும் உத்தியை 'மறைப்புக் காட்சி' எனவும் வழங்கலாம். இவ்வேறுபாடு துணைத்தலைப்பு மொழிபெயர்ப்பாளருக்கு இன்றியமையாதது. மறைப்புக் காட்சியில் உரையாடல் வழக்கம்போல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 'டைம்கோட்' (2000) போன்று சட்டகம் நான்காகப் பகுக்கப்பட்ட படத்திலோ, எந்தக் கூறின் ஒலி உயர்த்தப்படுகிறது என்பதை அறிந்த பின்னரே எவர் பேச்சைப் பெயர்ப்பது எனத் துணிய இயலும்.