காலித் தோட்டா

கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் படித்தவர்களுக்கு அவருடைய .405 வின்செஸ்டர் ரைஃபிள் ஞாபகம் இருக்கும். தர்மபுரி, ஓசூர் காடுகளில் அவரோடு அலைந்த துப்பாக்கி அது. வெடித்ததும் வெளியே வந்து விழும் பித்தளைக் கூடு அப்புறம் என்ன ஆகும்? இந்தச் சின்னக் கேள்விதான் என்னை ரீலோடிங் பிரஸ்ஸின் வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போனது. மற்றபடி, நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை.

தோட்டாவில் இருப்பவை நான்கு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் பிரைமர், வெடிமருந்து, முன்னால் குண்டு. சுட்டதும் மூன்று தீர்ந்துபோகும். கூடு மிஞ்சும். நான்கில் விலை அதிகமானதும் அதுதான். வெடித்த வேகத்தில் கொஞ்சம் உப்பியிருக்கும். அதை அச்சுக்குள் அழுத்தி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து மறுபடியும் நிரப்புவதுதான் ரீலோடிங். அழுத்தித் தரும் இயந்திரம் பிரஸ். பெரிய ரைஃபிள் தோட்டாவுக்கு எந்த பிரஸ்ஸை வாங்குவது என்று அமெரிக்காவில் சளைக்காமல் விவாதிப்பார்கள். கருவியைப் பற்றிய பேச்சு மாதிரித்தான் தெரியும். உள்ளே போனால் நூற்றைம்பது வருஷக் கதை.

1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமைத் தோலுக்குப் பெரிய கிராக்கி. தொழிற்சாலை பெல்ட்டுகளுக்குக்கூட அந்தத் தோல் போனது. ஷார்ப்ஸ் கம்பெனியின் கனமான ரைஃபிள்களோடு வேட்டைக்காரர்கள் கிளம்பினார்கள். கடைத் தோட்டாவை மட்டும் நம்பினால் கட்டுப்படியாகாது. அதனால் ஈயத்தையும் மருந்தையும் மொத்தமாக வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். பகலில் சுட்ட கூடுகளைப் பொறுக்கி, ராத்திரி நெருப்போரம் உட்கார்ந்து ஈயம் உருக்கி, மறுநாளைக்கான தோட்டாவைத் தாங்களே செய்தார்கள். கோடிக்கணக்கில் இருந்த விலங்கு அது. 1889இல் வில்லியம் ஹார்னடே கணக்கெடுத்தபோது மிஞ்சியது ஏறத்தாழ ஆயிரம்தான். அழிவுக்குத் தோல் வியாபாரம், ரயில், அரசின் மனப்போக்கு எனப் பல காரணங்கள். ஆனால் அந்த அழிவைச் செலவு குறைந்ததாக ஆக்கியதில் காலிக் கூட்டுக்கும் பங்கு உண்டு.

1884இல் ஜான் பார்லோ ஐடியல் என்ற நிறுவனத்தை ஆரம்பித்து, கைக்கடக்கமான ரீலோடிங் கருவிகளை விற்றார். பார்த்தால் நம்ம வீட்டுப் பாக்குவெட்டி மாதிரி இருக்கும். கரும்மருந்துக் காலத்துக்கு அது போதும். இரண்டே வருஷத்தில், 1886இல், பிரெஞ்சு ராணுவம் புகையில்லா வெடிமருந்தைக் கொண்டுவந்தது. அழுத்தம் வெகுவாக ஏறியது. கூட்டின் கழுத்தை மட்டும் இறுக்கினால் போதாது, உடம்பு முழுவதையும் அழுத்த வேண்டிய நிலை வந்தது. மனிதக் கையின் பலம் அங்கே தோற்றது. மேசையில் போல்ட் போட்டு முடுக்கிய, நீண்ட கைப்பிடி கொண்ட பிரஸ்ஸுக்கான தேவை அங்கிருந்துதான் வருகிறது.

இதற்குள் இன்னொரு வேடிக்கை நடந்திருந்தது. 1866இல் பிரிட்டிஷ்காரரான எட்வர்ட் பாக்ஸரும் அமெரிக்கரான ஹைரம் பெர்டனும் தனித்தனியே இரண்டு வகை பிரைமர்களைக் கொண்டுவந்தார்கள். பாக்ஸர் வகைக் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. வாய் வழியாக ஊசியை விட்டுத் தட்டினால் பழைய பிரைமர் கழன்றுவிடும். பெர்டன் வகையில் நடுவே மேடு, பக்கத்தில் சின்னத் துளைகள். கழற்ற முடியாது என்றில்லை, தனிக் கருவியும் பொறுமையும் வேண்டும். போகப்போக அமெரிக்கா பிரிட்டிஷ்காரரின் பிரைமரை எடுத்துக்கொண்டது. ஐரோப்பா அமெரிக்கரின் பிரைமரை வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் ரீலோடிங் வீட்டுத் தொழில் மாதிரிப் பரவியதற்கு இந்த மாற்றிக்கொள்ளலும் ஒரு காரணம்.

இதன் விலை பின்னால் தெரிந்தது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் யானை, புலி வேட்டைக்குப் போன பிரிட்டிஷ் ரைஃபிள்களுக்குப் பெரும்பாலும் கைனாக் தோட்டாதான். பெர்டன் பிரைமர், உள்ளே குச்சி குச்சியாகக் கார்டைட் மருந்து. கூட்டின் கழுத்தைக் குறுக்கும் முன்பே அந்தக் குச்சிக் கட்டைத் திணித்துவிடுவார்கள். வீட்டில் அப்படிச் செய்ய வழியே இல்லை. வாங்குபவர்கள் குறைந்து, 1970 வாக்கில் கைனாக் அந்தப் பெரிய தோட்டாக்களை நிறுத்தியதும் பல ரைஃபிள்கள் ஊமையாயின. அவற்றைத் திரும்பப் பேசவைத்தது பாக்ஸர் துளையோடு வந்த புதிய கூடுகளும் கனத்த பிரஸ்களும்தான்.

அந்தக் கனத்த பிரஸ்களின் கதை இரண்டாம் உலகப் போரோடு வருகிறது. 1943இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃபிரெட் ஹண்டிங்டன் குண்டு செய்யும் அச்சு ஒன்றை விற்கத் தொடங்கினார். ராக்சக் என்ற மர்மோட்டைச் சுடுவதற்கான சின்னக் குண்டு அது. பெயர் ராக் சக் புல்லட் ஸ்வேஜ். அதன் முதலெழுத்துகள்தான் ஆர்.சி.பி.எஸ். நிறுவனம். போர் முடிந்ததும் கன்சாஸில் புரூஸ் ஹாட்ஜ்டன் ராணுவத்தில் மிஞ்சிய மருந்தை வாங்கி விற்றார். மலிவான மருந்து கிடைத்ததும் வீட்டுப் பட்டறைகள் பெருகின.

சரி, எந்த பிரஸ்? பக்கம் திறந்த 'சி' வடிவத்தில் கை நுழைக்கச் சுலபம். ஆனால் பெரிய கூட்டை அழுத்தும்போது சட்டம் இம்மியளவு விரியும், தோட்டா கோணலாகும். மூடிய வளையமான 'ஓ' வடிவம் விசையைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். அடுத்தது நீளம். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டா சுமார் 91 மில்லிமீட்டர், நல்ல 'ஓ' பிரஸ்ஸில் அடங்கும். பிரௌனிங் வடிவமைத்த .50 இயந்திரத் துப்பாக்கித் தோட்டா 138 மில்லிமீட்டர். அதற்கு வழக்கமான 7/8 அங்குல அச்சு போதாது, ஒன்றரை அங்குல அச்சைத் தாங்கும் தனி பிரஸ் வேண்டும்.

ஒரு பொருளைத் தூக்கிப் போடாமல் திரும்பப் பயன்படுத்துவது நல்லது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். நானும் அப்படியே நம்பியிருந்தேன். கூட்டைப் பொறுக்கி வைத்த அதே சிக்கனம் கைவிடப்பட்ட ரைஃபிளுக்கு உயிர் கொடுத்தது, காட்டெருமைக் கூட்டத்தையும் காலி செய்தது. இப்போது ஆண்டர்சனைப் படிக்கும்போது, வெடிச் சத்தம் அடங்கியதும் என் கண் புல்லுக்குள் அந்தக் காலிக் கூட்டைத்தான் தேடுகிறது.