பாஸ், முள்வேலி, உறுப்புரை 14: வன்னியில் ஓர் உரிமையின் வரலாறு

வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி எங்கட சஞ்சிகைகளில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. இழந்த வீடுகளும் பூட்டிய பள்ளிவாசல்களும் புத்தளத்து ஓலைக் கொட்டில்களும் கவிதையாகவும் கதையாகவும் வந்துவிட்டன. சட்டத்தின் கண்கொண்டு அதைப் பார்த்த எழுத்து குறைவு. "அரசியலமைப்பில் உரிமை எழுதியிருந்ததுதானே, அது எங்களுக்கு ஏன் உதவவில்லை?" என்ற கேள்வியை நாம் ஊன்றிக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கான விடையை வன்னிப் பெருநிலத்தில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொள்வது ஒரே ஓர் உரிமையை: விரும்பிய இடத்துக்குப் போய்வரவும் விரும்பிய இடத்தில் குடியிருக்கவும் உள்ள உரிமை.

எழுத்தில் இருந்தது

சோல்பரி யாப்பில் அடிப்படை உரிமைகள் என்றொரு அத்தியாயம் இருக்கவில்லை. சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டத்தைத் தடுக்கும் 29(2)ஆம் பிரிவு மட்டும் இருந்தது. 1972ஆம் ஆண்டு யாப்பு நடமாட்டச் சுதந்திரத்தையும் குடியிருப்புச் சுதந்திரத்தையும் எழுத்தில் தந்தது. ஆனால் அது மீறப்பட்டால் நேரே உயர் நீதிமன்றம் செல்லும் வழியைத் தந்தது 1978ஆம் ஆண்டு யாப்புத்தான். அதன் 14(1)(ஏ) உறுப்புரை அந்த உரிமையைக் கூறுகிறது. 126ஆம் உறுப்புரை முறையீட்டுக்கு வழி சொல்கிறது.

அதே யாப்பின் 15ஆம் உறுப்புரை, தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக இந்த உரிமையை மட்டுப்படுத்த இடங்கொடுக்கிறது. ஆனால் அது சட்டத்தினால் செய்யப்பட வேண்டும். அவசரகால ஒழுங்குவிதியும் அங்கே சட்டமாகக் கொள்ளப்படும். ஓர் அதிகாரியின் வாய்ச்சொல் அப்படிக் கொள்ளப்படாது. ஆட்சியின் கைக்குப் போடப்பட்ட எல்லைக்கோடு இதுதான்.

அந்தக் கோட்டில் மூன்று இடைவெளிகள் உண்டு. முதலாவது, அது ஆட்சித்துறையின் அல்லது நிர்வாகத்தின் செயலை மட்டுமே கட்டுப்படுத்தும். இரண்டாவது, உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் முறையிட வேண்டும். மூன்றாவது, 14ஆம் உறுப்புரை குடிமக்களுக்கே உரியது. நாடற்றவராக இங்கு நிரந்தரமாய் வாழ்ந்தோருக்கு 1978இலிருந்து பத்தாண்டு மட்டும் அந்த உரிமைகள் நீட்டப்பட்டன. 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியவர்களில் குடியுரிமை கிடைக்காதோருக்கு 1988இல் அந்தக் கதவு மூடப்பட்டது. இந்த மூன்று இடைவெளிகளாலும் வன்னிச் சனம் விழுந்தது.

1990: எல்லைக்கோடு எட்டாத அதிகாரம்

1990 ஒக்டோபரில் வட மாகாணத்தில் தன் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இயக்கம் வெளியேற்றியது. யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுத்த கெடு இரண்டு மணித்தியாலம். அதற்கு முன்னரே முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் போன்ற ஊர்களும், கிளிநொச்சிக் கரையோரத்து நாச்சிக்குடாவும் வெறுமையாகிவிட்டன. முழு மாகாணத்திலும் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஒதுங்கினர். ஹிஜ்ராவின் பெயரைத் தாங்கிய ஊரே ஊர் பெயர்ந்து போனது.

குடியிருப்புச் சுதந்திரம் இதைவிட முழுமையாக மறுக்கப்பட்ட வேறொரு சந்தர்ப்பத்தை இந்நாட்டின் அண்மை வரலாற்றில் காண்பது கடினம். ஆனால் மறுத்தது அரசல்ல. வரி அறவிட்டு, பாஸ் கொடுத்து, பிணையாள் கேட்டு, பொலிசும் நீதிமன்றும் வைத்து ஆட்சி செய்த ஓர் இயக்கம். அங்கே அதிகாரம் முழுதாக இருந்தது, அதற்கு எல்லை இருக்கவில்லை. அப்பகுதியில் வாழ்ந்த தமிழ்ச் சனமும் பாஸ் இல்லாமல் வெளியேற முடியாதிருந்தது. ஒரு சனத்தை இருக்கவிடாத அதே அதிகாரம் மற்றச் சனத்தைப் போகவிடவில்லை.

அரசு தன் குடிமக்களைக் காக்கத் தவறியது ஓர் உரிமை மீறலாகாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பிள்ளைகுட்டியோடு பாடசாலைக் கட்டிடத்தில் படுத்துக் கிடந்தவர், ஒரு மாதக் கெடுவுக்குள் கொழும்பில் சட்டத்தரணி பிடித்து அந்தக் கேள்வியை எப்படிக் கேட்டிருக்க முடியும்?

2002: சிதம்பரபுரத்துத் தீர்ப்பு

கோட்டின் இந்தப் பக்கத்தில், வவுனியாவில், அரசும் பாஸ் முறையை நடத்தியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் போருக்குத் தப்பி வன்னிக்குள்ளிருந்து வந்த தமிழ்ச் சனம் நலன்புரி நிலையங்கள் என்ற பெயருள்ள முகாம்களில் வைக்கப்பட்டது. நாள் பாஸ், கிழமைப் பாஸ், மாதப் பாஸ் என்று பலவகை. ஆஸ்பத்திரிக்கும் கூலி வேலைக்கும் கலியாண வீட்டுக்கும் பாஸ். முகாமில் பிறந்த பிள்ளை பாஸ் கேட்கும் வயதுக்கு வளர்ந்தது.

சிதம்பரபுரம் முகாமில் வாழ்ந்த ஒருவர் இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றார். முகாம் பொலிஸ் காவலரணின் பொறுப்பதிகாரி முதலாம் பிரதிவாதி. 2002 செப்டெம்பரில் தீர்ப்பு வந்தது. இந்தக் கட்டுப்பாட்டுக்குச் சட்ட அடிப்படை இல்லை, 14(1)(ஏ) மீறப்பட்டுள்ளது என்று மன்று கண்டது. பாதுகாப்புக் காரணமே இருக்க முடியாது என்று மன்று சொல்லவில்லை. காரணம் இருந்தாலும் அது சட்டத்தின் வழியாக வரவேண்டும் என்பதே இந்தத் தீர்ப்பின் உயிர்நாடி.

இத்தீர்ப்பை எங்கட ஆட்களில் அறிந்தவர் மிகச் சிலர். தமிழரின் விவகாரம் என்று கடந்துபோனோம். உண்மையில், ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு சமூகம் தன் பள்ளிக்கூடங்களில் கற்பிக்க வேண்டிய தீர்ப்பு அது. விரும்பிய இடத்தில் வாழும் உரிமைக்கு மன்றில் உயிர் உண்டு என்பதை, வன்னி மண்ணில் நின்று, ஓர் ஏழை அகதி நிரூபித்தார்.

2007, 2009: ஒரு நாளும் ஆறு மாதமும்

தீர்ப்பு ஒன்று வந்துவிட்டால் ஆட்சி திருந்திவிடும் என்பதில்லை. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலை, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் பிற ஊர்களுக்கும் அனுப்பப்பட்டனர். சாமான் கட்டக்கூட அவகாசம் இல்லை. செய்தி வானொலியில் கேட்டபோது புத்தளத்தில் பலருக்கு 1990 நினைவுக்கு வந்திருக்கும். இம்முறை செய்தது அரசின் பொலிஸ். அதனால் எல்லைக்கோடு எட்டியது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுத் தாக்கல் செய்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார்.

இரண்டு வருடம் கழித்து, போர் முடிந்த கையோடு, 250,000க்கும் மேற்பட்ட சனம் வவுனியா முகாம்களில் முள்வேலிக்குள் வைக்கப்பட்டது. பெரும்பகுதி செட்டிகுளத்து மெனிக் பாமில். அதன் வலயங்களுக்கு அருணாசலம், இராமநாதன், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயர். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவராக நின்று அரசியல் உரிமை கேட்டவரின் பெயரில் ஒரு தடுப்பு முகாம். அதே நிலையம் யூனில் மீண்டும் மன்றுக்குப் போனது. 2002இன் தீர்ப்பு முன்னே இருந்தும், 2007இல் கண்ட வேகம் இம்முறை வரவில்லை. டிசம்பர் 1 முதல் சனம் வெளியே போய்வர விடப்பட்டது, நீதிமன்றக் கட்டளையால் அல்ல, அரசின் அறிவிப்பால். முகாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

உரிமை ஒன்றேதான். ஒருமுறை ஒரு நாளில் வேலை செய்தது, மறுமுறை ஆறு மாதம் பேசாமல் கிடந்தது. போர் வெற்றியின் ஆரவாரத்தில் ஆட்சியிடம் "எந்தச் சட்டத்தின் கீழ்?" என்று கேட்கும் குரல்கள் மிகக் குறைவாயிருந்தன. எழுத்துக்குப் பின்னால் சனம் நிற்காதபோது எழுத்து தனியே நிற்பது கஷ்டம்.

மீள்குடியேற்றம்: எல்லைக்கோடு இப்போது எங்கே?

2009க்குப் பின் முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள், வளவு காடாகிக் கிடப்பதையோ வேறொருவர் குடியிருப்பதையோ கண்டன. உறுதிக் காணிக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஓரளவு கைகொடுத்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயலால் காணியை அணுக முடியாதவருக்கு எதிராக, அக்காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது. வழக்கிட அது தந்த அவகாசம் இரண்டே வருடம்.

வன்னியில் பெரும்பகுதி பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. அங்கே குடியிருக்கவில்லை, பயிர் செய்யவில்லை என்று பெர்மிட்டை ரத்துச் செய்யலாம். துப்பாக்கி முனையில் போனவரிடம் ஏன் குடியிருக்கவில்லை என்று கேட்பது எவ்வளவு கொடுமை! ஆனால் இதில் ஒரு வித்தியாசம் உண்டு. இந்த முடிவை எடுப்பது பிரதேச செயலகம். அது நிர்வாக நடவடிக்கை. 1990இல் எட்டாத எல்லைக்கோடு இங்கே எட்டும். 12ஆம் உறுப்புரையின் சமத்துவமும் 126ஆம் உறுப்புரையின் வழியும் இதற்குப் பொருந்தும்.

ஆகவே கடிதம் கிடைத்த திகதியை எழுதி வையுங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. எங்கட சனத்தில் எத்தனை பேர் இதை அறியாமல் கெடுவைத் தவறவிட்டிருப்பர்!

2023 ஜனவரி 12இல், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில், காக்கத் தவறியதும் உரிமை மீறலே என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபாய் செலுத்தப் பணித்தது. 1990இல் கேட்க முடியாமற்போன கேள்விக்கு முப்பத்திரண்டு வருடம் பிந்தி, வேறொரு வழக்கில், வேறு சனத்துக்கு விடை கிடைத்திருக்கிறது. அன்று துரத்தப்பட்டோருக்கு அது நிவாரணமாகாது. ஆனால் இனி ஒரு தடவை ஒரு சமூகம் கெடு வைத்துத் துரத்தப்படும்போது அரசு கைகட்டி நின்றால், அதையும் கேள்வி கேட்கலாம் என்பது உறுதியாகியிருக்கிறது.

பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் இழப்புகளை ஆண்டுக்கணக்காகத் திரட்டி வைத்தார். அந்தப் பணியின் அடுத்த படி, வன்னியின் பெர்மிட்டுகளையும் மறுப்புக் கடிதங்களையும் தீர்ப்புகளையும் தமிழில் ஒரே இடத்தில் தொகுப்பது. அதில் சிதம்பரபுரத்து அகதியின் வழக்கும் மெனிக் பாம் மனுவும் கட்டாயம் இடம்பெற வேண்டும். அவர்களுடைய நடமாட்ட உரிமை வேறு, எங்கட குடியிருப்பு உரிமை வேறு என்று யாப்பில் எங்கும் எழுதப்படவில்லை. இரண்டும் ஒரே வரியில்தான் இருக்கின்றன.